கினிப்பன்றிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று ஏன் உறுமுகின்றன

முறுக்குக்கு ஒன்றரை வயதானபோது சீடையை வாங்கி வந்தோம். முறுக்கு, பழுப்பும் வெள்ளையும் கலந்த ஆண் கினிப்பன்றி. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சீடை 8 வாரக் குட்டி, அதுவும் ஆண்தான். தனியாக வளர்ந்தால் வாடிப்போகும் என்று தெரிந்த பிறகுதான் துணை தேடினோம். சாயங்காலம் 7 மணிக்கு ஹாலில் ஒரு பழைய போர்வையை விரித்து இரண்டையும் விட்டோம். முதல் ஒரு நிமிடம் மோப்பம் மட்டும்தான். அப்புறம் முறுக்கிடமிருந்து அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு சத்தம் கிளம்பியது. தூரத்து வயலில் மோட்டார் பம்பு ஓடுவது போல அடித்தொண்டையில் ஒரு ‘உர்ர்ர்ர்’. பின்பக்கத்தை இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டு, கால்களை ஒவ்வொன்றாக ஊன்றி, குட்டியைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் வந்தது. குட்டி வீலென்று கத்தியது. முறுக்கு அதன் மேல் ஏறியது. அடுக்களையிலிருந்து ஓடி வந்த அம்மா, “டேய், பிரிச்சு வைடா, கொன்னுடப் போகுது” என்றார்.

பிரித்தேன். பத்து நிமிடம் கழித்துச் சேர்த்தேன். மறுபடியும் அதே உறுமல், அதே வட்டம், அதே கத்தல். மறுபடியும் பிரித்தேன். இரவு 11 மணிக்குள் நான்கு முறை பிரித்து நான்கு முறை சேர்த்திருந்தேன். ஒவ்வொரு முறையும் முறுக்கின் உறுமல் கூடியதே தவிர குறையவில்லை.

அன்றைக்கு அவை இரண்டும் சண்டை போடவே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. இருவரில் யார் பெரியவர் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சு முடிவதற்குள் ஒவ்வொரு முறையும் நான் குறுக்கே புகுந்தேன். அதனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கினிப்பன்றி வளர்ப்பவர்கள் பெரும்பாலோர் செய்கிற தவறு இது. அக்கறையால்தான் செய்கிறோம். ஆனால் அந்த அக்கறை அந்தப் பிராணிகளுக்கு உதவுவதில்லை. இந்த நடத்தைகள் எங்கிருந்து வந்தன, எதற்காக, எந்த இடத்தில் அவை உண்மையான சண்டையாக மாறுகின்றன என்று தெரிந்துவிட்டால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தைரியம் வரும். கையை நீட்ட வேண்டிய நேரமும் தெரியும்.

உடம்பால் பேசும் பேச்சு

முதலில் அந்த உறுமல் நடை. ஆண் கினிப்பன்றி பெண்ணைச் சுற்றி வரும்போது செய்வதும் இதுதான், இன்னோர் ஆணிடம் ‘இங்கே நான்தான்’ என்று சொல்லும்போது செய்வதும் இதுதான். ஒரே நடை, இரண்டு அர்த்தம். யாரிடம் செய்கிறது என்பதை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க முடியும். பெண்களும் இதைச் செய்யும். சினைப் பருவத்துக்கு வரும் நாட்களில் சாதுவான பெண்கூட உறுமிக்கொண்டு கூண்டைச் சுற்றி வரும்.

இரண்டாவது, மேலே ஏறுவது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் இது நடந்தால் சங்கடமாக இருக்கும். ஆண் ஆண் மேல் ஏறும், பெண் பெண் மேல் ஏறும், சில சமயம் தலைப்பக்கமாகவே ஏறும். இனச்சேர்க்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாத நேரங்களே அதிகம். மேலே இருப்பவர் பெரியவர், அவ்வளவுதான் செய்தி. ஆனால் இதில் ஒரு விஷயத்தை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்: இரண்டும் ஒரே பாலினம்தானா? கடையில் ‘ரெண்டும் ஆண்’ என்று சொல்லிக் கொடுத்த ஜோடி இரண்டு மாதத்தில் குட்டி போட்ட கதை வளர்ப்பவர்கள் வட்டாரத்தில் நிறைய உண்டு. பெண் குட்டி 4 முதல் 6 வாரத்திலேயே சினைப் பருவத்துக்கு வந்துவிடக்கூடும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும். எனவே வாங்கிய வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, பார்க்க மிக அழகானது. இரண்டும் முகத்துக்கு முகம் நின்றுகொண்டு மோவாயை மேலே மேலே தூக்கும். மூக்கு கூரையைப் பார்க்கும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு சில நொடிகள் அசையாமல் நிற்கும். தலையை முதலில் இறக்குபவர் விட்டுக்கொடுத்தவர். ஒரு கீறல்கூட இல்லாமல் அந்த இடத்திலேயே விஷயம் முடிந்துவிடும். இதைக் கவனித்துப் பார்க்காதவர்களுக்கு இரண்டும் சும்மா நிற்பது போலத்தான் தெரியும்.

அப்புறம் பல். கோபம் வந்தால் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனிதர்களைப் பற்றிச் சொல்கிறோம். கினிப்பன்றி அதை அப்படியே செய்கிறது. டகடகவென்று பல்லோடு பல் அடிக்கும் சத்தம் ‘விலகிப் போ’ என்கிற எச்சரிக்கை. வாயைப் பெரிதாகத் திறந்து பல்லைக் காட்டும். அதைக் கொட்டாவி என்று நினைத்து ரசித்துவிடக் கூடாது. கழுத்து, முதுகு முடி சிலிர்த்து நிற்பதும் இதே வரிசைதான். இவை எல்லாம் உறுமலுக்கு ஒரு படி மேலே.

வாசனையும் பேச்சில் சேர்த்திதான். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டே போனால், தன் வாசனையை அங்கே பூசுகிறது என்று அர்த்தம். பின்னாலேயே வந்து தொல்லை கொடுக்கும் ஆணின் முகத்தில் பெண் சிறுநீரைப் பீய்ச்சி அடிக்கும். குறி தப்பாது. ஆண் முகத்தைத் துடைத்துக்கொண்டு விலகிப் போவதை ஒரு நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, எங்களைப் பதற வைத்த அந்த வீல் சத்தம். கேட்டால் யாரோ கழுத்தைப் பிடித்துவிட்டார்கள் போலத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது வலியால் வருவது இல்லை. ‘சரி, நீதான் பெரியவன், விட்டுவிடு’ என்று சின்னது சொல்லும் முறை அது. சத்தத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. உடம்பைப் பார்க்க வேண்டும்: ரத்தம் இருக்கிறதா, கடிவாய் இருக்கிறதா, மூலையில் சிக்கிக்கொண்டிருக்கிறதா? இவை இல்லையென்றால் பேச்சு நடக்கிறது என்று விட்டுவிடலாம்.

ஆதிக்கம் என்ற சொல்

இதையெல்லாம் ஆதிக்கம் என்றுதான் சொல்கிறோம். தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பு உண்டு. ஒடுக்குபவர், ஒடுக்கப்படுபவர் என்ற படம் மனதில் வந்துவிடும். அந்தப் படத்தோடு கூண்டுக்குள் பார்த்தால் முறுக்கு ஒரு ரவுடியாகவும் சீடை ஒரு பாவமாகவும் தெரிவார்கள். பிராணிகள் விஷயத்தில் இந்தக் கருத்து வேறு இடத்திலிருந்து வந்தது. நார்வேயைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெரூப் எப்பே, கோழிகள் ஒன்றையொன்று கொத்தும் வரிசையைக் கவனித்து, யார் யாரைக் கொத்தலாம் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று 1921இல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த துறை இது.

அதில் முக்கியமான ஒரு விஷயம்: முதலிடம் என்பது ஒரு பிராணியின் குணம் அல்ல, இரண்டு பிராணிகளுக்கு இடையில் இருக்கும் உறவு. சீடையோடு இருக்கும்போது பெரியவராக இருக்கும் முறுக்கு, வேறொரு வயதான ஆணோடு இருந்தால் அடங்கிப் போகலாம். ‘என் கினிப்பன்றி ஆதிக்கக் குணம் உள்ளது’ என்று சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. இரண்டாமவர் விட்டுக்கொடுத்தால்தான் முதலாமவர் முதலாமவர்.

வரிசை முடிவாகிவிட்டால் தினசரி வாழ்க்கை எளிதாகிறது. கொத்தமல்லித் தழை விழுந்தால் யார் முதலில் எடுப்பது, நல்ல பெட்டியில் யார் படுப்பது என்று ஒவ்வொரு முறையும் மோத வேண்டியதில்லை. ஒரு பார்வை, ஒரு முட்டல், கீழே உள்ளவர் ஓரடி விலகுவார். இன்றைக்கு எங்கள் கூண்டில் நாள் முழுக்கக் கவனித்தால் இப்படி இருபது முப்பது சின்ன விலகல்கள் தெரியும். கடி ஒன்றும் தெரியாது. விலகல் இல்லாத இடத்தில்தான் கடி வரும்.

மலை வீடுகளின் அடுக்களையிலிருந்து

பெயரில் கினி இருந்தாலும் இவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை அல்ல, பன்றியும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில், இன்றைய பெரு, பொலிவியா, எக்வடோர் நாடுகளில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கிய கொறிவிலங்கு. அங்கே அதன் பெயர் குய். அது எழுப்பும் ஒலியிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அடுக்களைத் தரையில், அடுப்பின் சூட்டில், கூட்டமாக ஓடித் திரிந்து வளர்ந்தவை. 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பா போனது. அங்கே செல்லப் பிராணி ஆனது. அப்புறம் ஆய்வுக்கூடத்துக்கும் போனது.

அதன் காட்டு உறவினர்களான கேவிகள் இன்னும் தென் அமெரிக்கப் புல்வெளிகளில் இருக்கின்றன. அவற்றில் ஓர் ஆண் ஒன்றிரண்டு பெண்களோடு தனியாக இருக்கும். வளர்ந்த இரண்டு ஆண் கேவிகளை எவ்வளவு பெரிய அடைப்பில் விட்டாலும் ஒத்துப்போவதில்லை. வீட்டு இனம் இதிலிருந்து மிகவும் மாறியிருக்கிறது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் சாக்சர் என்ற விலங்கியல் அறிஞரும் அவரது குழுவும் பல ஆண்டுகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக் கினிப்பன்றியிடம் தாக்கும் குணம் குறைவு; சகிப்பு அதிகம்; உறுமல் நடையும் வாய்ச் சத்தமும் அதிகம்; புதிய சூழலில் உடம்பில் ஏற்படும் பதற்றமும் குறைவு என்பது அவர்கள் கண்டது.

நான் இதை முதலில் படித்தபோது அந்த முதல் இரவு நினைவுக்கு வந்தது. சத்தம் கூடியிருக்கிறது, கடி குறைந்திருக்கிறது. அடுக்களையில் பலரோடு நெருங்கி வாழ வேண்டிய பிராணியிடம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், கடிக்கு இருந்த இடத்தைப் பேச்சு பிடித்துக்கொண்டிருக்கிறது. முறுக்கின் அந்த உறுமலைக் கேட்டுத்தான் நான் பயந்தேன். பயப்பட வேண்டியது உறுமல் இல்லாமல் நேராகப் பாயும் கினிப்பன்றியைப் பார்த்துத்தான்.

சாக்சர் குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு செல்லப் பிராணி வளர்ப்பவர்களுக்கு நேரடியாக உதவக்கூடியது. பெரிய கூட்டத்தில் வளர்ந்த ஆண்கள், முன்பின் தெரியாத கூட்டத்தில் விடப்பட்டாலும் சீக்கிரம் ஒட்டிக்கொண்டன. எடை குறையவில்லை, பதற்றத்தின் அளவுகோலான கார்ட்டிசோல் ஹார்மோனும் பெரிதாக ஏறவில்லை. மற்ற ஆண்களைப் பார்க்காமல் வளர்ந்தவற்றை அதே மாதிரிக் கூட்டத்தில் விட்டபோது அடி வாங்கின, எடை சரிந்தது, கார்ட்டிசோல் பல மடங்கு எகிறியது. வித்தியாசம் பிறப்பில் இல்லை. பருவம் அடையும் மாதங்களில் மூத்த ஆண்கள் இருந்தனவா என்பதில்தான் இருந்தது. விடலைப் பருவத்தில் ஒரு மூத்தவரிடம் உறுமிப் பார்த்து, முட்டு வாங்கி, தலையை இறக்கக் கற்றுக்கொண்ட ஆணுக்குப் பிற்காலத்தில் அடங்கிப் போவதும் தெரிகிறது, அளவோடு மிரட்டுவதும் தெரிகிறது. அந்தப் பாடம் கிடைக்காதவருக்கு எதிரில் வருபவர் எல்லாரும் எதிரிதான்.

நம் ஊரில் குட்டிகள் எப்படி விற்கப்படுகின்றன என்று பார்த்தால் இதன் வலி புரியும். தாயை விட்டுப் பிரித்து, கடைக் கூண்டில் கொஞ்ச நாள், அப்புறம் ஒற்றையாக ஒரு வீட்டுக்கு. ஒரு வருடம் தனியாக இருந்துவிட்டு, ‘பாவம், துணை வேண்டும்’ என்று இன்னொன்றைக் கொண்டுவந்து விடும்போது அதற்கு இந்த மொழியே சரியாக வருவதில்லை. முறுக்கின் கதையும் இதுதான். ஒன்றரை வயது வரை அது இன்னொரு கினிப்பன்றியைப் பார்த்ததில்லை. தப்பு அதனுடையது அல்ல. சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப்பன்றியை ஒற்றையாக வளர்க்கவே கூடாது. அந்த அளவுக்கு அவர்கள் இதைப் பொருட்படுத்தியிருக்கிறார்கள்.

எது சண்டை

சரி, எப்போது தலையிடுவது? உறுமல், ஏறுதல், துரத்தல், மோவாய் தூக்கல், பின்பக்கம் மோப்பம், வாயில் ஒரு கொத்து முடியோடு நிற்பது, இவை எல்லாம் விட்டுவிட வேண்டியவை. சேர்த்துவிட்ட முதல் சில மணி நேரம் இவை உச்சத்தில் இருக்கும். அடுத்த இரண்டு வாரம் வரை விட்டு விட்டு வரும். பல்லடிப்பு விடாமல் தொடர்ந்தால், முடி சிலிர்த்து இரண்டும் எதிரெதிரே நின்றால், யாரும் தலையை இறக்காமல் பாய்ந்து பாய்ந்து பின்வாங்கினால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு அட்டையைச் சொருகினாலோ ஒரு கைப்பிடி புல்லைப் போட்டாலோ பல நேரம் கவனம் மாறிவிடும்.

இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பந்து போல உருண்டால் அது சண்டை. அதில் சந்தேகமே வராது. ரத்தம் வந்தாலும் அப்படித்தான். அப்போது வெறும் கையை விடக் கூடாது. அந்த நேரத்தில் அதற்கு உங்கள் கை எது, எதிரி எது என்று தெரியாது. எலும்பு வரை இறங்கும் பல் அது. கனமான துண்டை மேலே போட்டுத்தான் பிரிக்க வேண்டும். கடிகாயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே சீழ் வைக்கும். மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வீட்டில் மீந்திருக்கும் மனித மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மாத்திரைகள் வாய்வழியே போனால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று அதையும் கொன்றுவிடும். இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

ரத்தமே வராத ஒரு கொடுமையும் உண்டு. எனக்கு அதுதான் அதிகம் கவலை தருவது. கீழே உள்ளது நாள் முழுக்க ஒரே மூலையில் இருக்கும். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனால் துரத்தப்படும். புல்லுக்கு வந்தால் துரத்தப்படும். வெளியே ஒன்றும் தெரியாது, எடை மட்டும் இறங்கும். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வைத்தால் போதும். 50 கிராமுக்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும், 100 கிராம் என்றால் அன்றைக்கே மருத்துவர். விட்டுக்கொடுத்த பிறகும் துரத்தல் நிற்கவில்லை என்றால் அது பெரியவர் சின்னவர் விஷயம் அல்ல, அந்த ஜோடி பொருந்தவில்லை.

கூண்டு செய்யும் கலகம்

பிராணியின் மேல் பழி போடுவதற்கு முன் கூண்டைப் பாருங்கள். விட்டுக்கொடுப்பவருக்கு விலகிப் போக இடம் வேண்டும். மேலே சொன்ன அந்த ஓரடி விலகலுக்கு இடம் இல்லாத கூண்டில் விலகாத குற்றத்துக்காகவே அது கடி வாங்கும். இரண்டு கினிப்பன்றிகளுக்கு 120க்கு 60 சென்டிமீட்டர் தரை என்பது குறைந்தபட்சம். இரண்டும் ஆண் என்றால் 150க்கு 60 வைத்துக்கொள்வது நல்லது. மாடி வைத்த கூண்டின் உயரத்தால் பயனில்லை, ஏறி இறங்கும் பிராணி அல்ல இது. எங்கள் முதல் கூண்டு கடையில் இதற்கென்றே விற்ற கூண்டு. அதன் நீளம் என் முழங்கை அளவைவிடக் கொஞ்சம் கூடுதல்.

பெட்டி விஷயத்தில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒளிந்துகொள்ள அழகாக ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வாசல் உடைத்து வைத்திருந்தேன். இரண்டாம் நாள் சீடை உள்ளே இருக்க, முறுக்கு வாசலில் நின்று பல்லடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பதற்கு விலகிப் போக விருப்பம், போக வழி இல்லை. வெளியே நிற்பதற்கு அது விலகாமல் எதிர்ப்பதாகத்தான் தெரியும். இப்படித்தான் ரத்தம் வரும். அன்றைக்கே சட்டியை எடுத்துவிட்டு, செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் எதிரெதிரே இரண்டு வாசல் வெட்டி வைத்தேன். அடுத்த முறை முறுக்கு ஒரு வாசலில் நுழைந்ததும் சீடை இன்னொரு வாசல் வழியாகப் போய்விட்டது. முறுக்கு உள்ளே படுத்துக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம், முடிந்தது. தண்ணீர்க் குழாய் இரண்டு, புல் இரண்டு குவியல், பெட்டி இரண்டு. அதுவும் இரண்டு மூலைகளில். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒருவரே இரண்டையும் காவல் காப்பார்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண்டீஸ் மலைக் குளிருக்குப் பழகிய பிராணி சென்னையிலும் மதுரையிலும் வளர்கிறது. 26 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குச் சிரமம். சித்திரை வெயில் உயிருக்கே ஆபத்து. கூண்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான் இருந்தால் அந்த இடத்துக்காக மோதல் வரும். குளிர்ந்த டைல்ஸ் துண்டுகளை நாங்கள் இப்போது நான்கு மூலையிலும் வைக்கிறோம்.

கூண்டைச் சுத்தம் செய்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பளபளவென்று கழுவிப் புது விரிப்பு போட்ட அன்றைக்கு உறுமல் அதிகமாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். பூசி வைத்த வாசனை எல்லாம் போய்விட்டதால் மறுபடி பூச வேண்டும், மறுபடி சொல்ல வேண்டும். பழைய விரிப்பில் ஒரு கைப்பிடி எடுத்து ஓரத்தில் போட்டு வைத்தால் இது குறையும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது மட்டும் இதற்கு நேர்மாறு: யாருடைய வாசனையும் இல்லாத புது இடத்தில்தான் சந்திக்க விட வேண்டும். நடுவில் அருகம்புல்லோ காய்ந்த புல்லோ மலை போலக் குவித்து வைத்துவிட்டு, குறைந்தது சில மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் புல் மென்றால், அல்லது ஒன்று காலை நீட்டிப் படுத்தால், பேச்சு ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

யாரோடு யார், எந்த வயதில்

காயடித்த ஓர் ஆணும் ஒன்றோ இரண்டோ பெண்களும் என்பதுதான் பெரும்பாலும் அமைதியான குடும்பம். காயடித்த பிறகும் 6 வாரம் பொறுத்துத்தான் சேர்க்க வேண்டும். இரண்டு ஆண்களும் நன்றாக வாழும், பெண் வாசனை பக்கத்தில் இல்லாத வரை. மூன்று ஆண்கள் என்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு சேர்ந்து மூன்றாவதை ஓரங்கட்டுவது அடிக்கடி நடக்கிறது. ஒத்துப்போகாத இரண்டு ஆண்களுக்குக் காயடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பலிப்பதில்லை.

பெரியவரோடு ஒரு குட்டியைச் சேர்ப்பது எளிது. யார் பெரியவர் என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் குட்டி குட்டியாகவே இருக்காது. 3, 4 மாதத்தில் ஆரம்பித்து ஒரு வயது தாண்டும் வரை ஆண்களுக்கு விடலைப் பருவம். ஹார்மோன் ஏற ஏற நேற்று வரை தலையை இறக்கியது இன்று இறக்க மறுக்கும். ‘இவ்வளவு நாள் ஒற்றுமையாக இருந்தவை திடீரென்று சண்டை போடுகின்றன’ என்று பதறுபவர்கள் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் பதறுகிறார்கள். இந்தக் கட்டத்தில் பயந்து நிரந்தரமாகப் பிரித்துவிட்ட ஜோடிகள் எத்தனையோ. கொஞ்சம் இடத்தைக் கூட்டி, பொறுத்திருந்தால் அவற்றில் பல மறுபடி சேர்ந்திருக்கும்.

பெண்களின் கதை வேறு. ஏறக்குறைய 16 நாளைக்கு ஒருமுறை பருவம் வரும்போது ஒருநாள் கூத்து, மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஆனால் வயதான பெண் ஒன்று நாள் தவறாமல் உறுமி, ஏறி, கடுகடுவென்று இருந்தால், கூடவே இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால், அது கோபம் அல்ல, நோய். கருப்பையின் பக்கத்தில் சினைப்பையில் நீர்க்கட்டி வருவது பெண் கினிப்பன்றிகளுக்கு மிகவும் சாதாரணம். அதைத் திட்டாமல் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

ஒத்துப்போகாத ஜோடியைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றாலும் தனி அறையில் வைக்க வேண்டாம். நடுவில் கம்பி வலைத் தடுப்பு போதும். ஒன்றையொன்று பார்க்கும், மோப்பம் பிடிக்கும், இரண்டு பக்கமும் வலையை ஒட்டியே படுத்துத் தூங்கும். அறிமுகம் இல்லாத இடத்தில் நிற்கும் கினிப்பன்றிக்குப் பழகிய துணை பக்கத்தில் இருந்தால் கார்ட்டிசோல் ஏற்றம் குறைகிறது என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான்.

எங்கள் வீட்டில் சீடை 5 மாதத்தில் முதல் முறையாக மோவாயைத் தூக்கியது. ஒரு மாதம் கூண்டில் உறுமலும் துரத்தலுமாகவே இருந்தது. அம்மா தினமும் வந்து பார்த்துவிட்டு, “ரத்தம் இருக்கா?” என்று கேட்பார். இல்லை என்றால் போய்விடுவார். அப்புறம் சீடை அடங்கியது. எல்லாம் ஓய்ந்து ஒரு வருடம் ஆன பிறகு ஒரு திங்கட்கிழமை சீடை முறுக்கின் மேல் ஏறியது. முறுக்கு கத்தவும் இல்லை, திரும்பவும் இல்லை. விடலைக் கலாட்டா திரும்ப வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தராசில் வைத்தேன். முறுக்கு 90 கிராம் இறங்கியிருந்தது. கடைவாய்ப் பல் நீண்டு நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. நாங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே சீடைக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

பல்லைச் சரிசெய்து இரண்டு வாரத்தில் முறுக்கு பழைய எடைக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, திரும்ப முயலவும் இல்லை. இப்போது கொத்தமல்லியைக் கூண்டில் வைத்தால் சீடை முதலில் ஒரு தண்டை இழுக்கிறது. முறுக்கு ஒரு நொடி நிற்கிறது. அப்புறம் மறுமுனையிலிருந்து இழுக்கிறது.